கூப்பிடாமல் விட்டது

அன்று டொக்டரிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அவள் பிள்ளையைத் தூக்கினாள், டொக்டர். நேற்றும் தூக்கினாள், முந்தநாளும் தூக்கினாள். கூப்பிட்டால் வருகிறாள்." ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். டொக்டர் கதவருகே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அவர் நல்ல மனிதர், கேட்டிருப்பார். நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை நீ. தூக்கினவள் உன்னைப் பெற்றவள். அவளைப் பார்த்து எழுதுவதற்கென்று அந்த வார்டில் வைக்கப்பட்டிருந்த தாதி நான்.

நாளைக் காலை அப்புத்தளையில் ரயிலேறி யாழ்ப்பாணத்து விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாய். உன் சட்டைகளில் பெயர் தைத்து முடித்துவிட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய கடிதம் அல்ல இது. உன் மாமாவிடம் ஒட்டிக் கொடுக்கிறேன். உனக்கு இருபத்தொரு வயதானதும் கையில் தருவார். அதனால் இப்போது அடுத்த அறையில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும் உன்னிடம் நான் பேசவில்லை. மீசை முளைத்து, என்னைவிட உயரமாகி, என்னைக் குனிந்து பார்க்கப்போகிற ஒருவனிடம் பேசுகிறேன். அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியாது. அன்பாகப் பார்க்கவேண்டும் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை.

பசறைக்குப் போகும் வீதியில் தேயிலைத் தோட்டங்கள் சில சேர்ந்து நடத்திய ஒரு சிறிய ஆஸ்பத்திரி அப்போது இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பிள்ளைப்பேற்று வார்டுக்குப் பின்னால், சமையற்கட்டுக்குப் போகும் வழியில் இரண்டு அறைகள். பிள்ளை பெற்றபின் புத்தி தடுமாறுகிற பெண்களை அதுவரை பிள்ளையிலிருந்து பிரித்துக் கொழும்புக்கு அனுப்புவதுதான் வழக்கம். எங்கள் டொக்டர் இங்கிலாந்திலிருந்து வரும் ஏதோ ஒரு வைத்தியச் சஞ்சிகையில் வேறுவிதமாகப் படித்திருந்தார். தாயையும் பிள்ளையையும் ஒரே அறையில் வைத்துக் குணப்படுத்தலாமாம். அதைச் செய்துபார்க்க ஆசைப்பட்டார். அந்த ஆசையை நான் இன்றும் மதிக்கிறேன். அவர் செய்த முதல் காரியம், யார் யாருக்கு என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியதுதான்.

அந்தத் தாள் எனக்கு இன்றும் வரிவரியாக நினைவிருக்கிறது. மருந்தும் முடிவும் டொக்டருக்கு. சாவியும் ஒழுங்கும் தலைமைத் தாதி சிஸ்டருக்கு. பிள்ளையை நிறுப்பதும் போத்தல் பால் கரைப்பதும் மருத்துவிச்சிக்கு. அந்தப் பதவி காலியாக இருந்ததால் அதுவும் என்னிடம் வந்தது. தாயைப் பார்த்து எழுதுவது எனக்கு. கழுவுவது, துடைப்பது, தாய் திமிறினால் கையைப் பிடிப்பது ஆயாவுக்கு. அடியில், சிவப்பு மையில் கோடிட்டு ஒரு வரி: "பிள்ளையை யாரும் தாயின் மடியில் கொடுக்கக்கூடாது. தாயாகவே எடுக்கவேண்டும். எடுக்கும் நாளைக் குறித்து வைக்கவும்." அந்த நாள்தான் குணமாவதற்கு அடையாளம் என்று டொக்டர் எங்களுக்கு விளக்கினார். கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கையில் அகப்பட்ட புத்தகத்தையெல்லாம் வாசித்திருந்தேன். தாய் தானாகக் கை நீட்டும் அந்தக் கணத்தைப் பார்த்து எழுதப்போகிறவள் நான் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன்.

உன் தாயின் பெயர் ராமாயி. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவள். நீ அவளுக்கு மூன்றாவது பிள்ளை. உன்னைப் பெற்ற மூன்றாம் நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. லயத்து வீட்டைவிட்டு இறங்கி மழையில் நடந்திருக்கிறாள். இது என் பிள்ளையில்லை, மாற்றிவிட்டார்கள் என்று கத்தியிருக்கிறாள். உன் தகப்பன் வீரமுத்து தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். நோயே இல்லாதவளைப் பிரித்துவிட்டோம் என்று உன்னை நம்பவைக்கமாட்டேன். நோய் இருந்தது. முதல் நான்கு நாள் அவளைப் பிடிக்க ஆயா பேச்சியம்மாவும் நானும் சேர்ந்தும் போதவில்லை. என் மணிக்கட்டில் நீ அடிக்கடி தொட்டுப் பார்த்து "நாய் கடிச்சதோ அம்மா?" என்று கேட்கும் தழும்பு அவளுடைய பல். ஐந்தாம் நாள் மருந்தில் தூங்கினாள். ஆறாம் நாள் எழுந்து தலை சீவினாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து உன் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அழுவாய். அவள் ரவிக்கை பாலில் நனையும். அவள் அசையமாட்டாள்.

நான் எழுதினேன். "பிள்ளை அழுகிறது. தாயிடம் அசைவில்லை." "பிள்ளையில் நாட்டம் காணப்படவில்லை." அழகான கையெழுத்து என்று சிஸ்டர் புகழ்ந்தார். எழுதி முடித்ததும் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து உன்னை என் மடியில் வைத்துப் பால் கொடுப்பேன். அதற்குத் தாளில் இடம் இருந்தது. நீ குடிக்கும்போது ஒரு கையால் என் வெள்ளை உடுப்பின் பொத்தானைப் பிடித்துக்கொள்வாய். நான் உன்னிடம் என்றும் பேசாத ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் படத்திலுள்ளவரை அப்பா என்று நீ கும்பிடுகிறாய். அவரைக் கட்டி இரண்டு வருடத்தில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. விதவையாக யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் இருக்க முடியாமல்தான் தாதிப் படிப்புக்கு வந்தேன், மலைநாட்டுக்கு மாற்றலும் கேட்டேன். அந்தப் பொத்தான் விஷயம் உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். புரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஏழாம் நாள் பேச்சியம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் துணியைப் பிழிந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னாங்க மிஸி, எந்நேரமும் எழுத்து? அது ஒக்காந்திருக்கதயா எழுதுறீங்க?"

"அவ பிள்ளையைத் திரும்பியும் பாக்கிறாளில்லை."

"பாக்காமயா? கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு இருக்கு. கூப்பிடுறதுக்குல்ல காத்துக்கிட்டு இருக்கு."

"ஆர் கூப்பிடவேணும்? தன்ர பிள்ளைதானே?"

பேச்சியம்மா துணியைக் கீழே போட்டுவிட்டுக் குந்தினாள். ஆஸ்பத்திரிக்கு வருமுன் அவளும் பத்து வருடம் கொழுந்தெடுத்தவள். "பிள்ளைக் காம்பரா பாத்திருக்கீங்களா மிஸி? வேலைக்குப் போறப்ப பச்சப் புள்ளைய அங்க போட்டுட்டுப் போவணும். தொட்டியெல்லாம் வரிசையாக் கட்டியிருக்கும். அரைக்கதவு வரைக்கும்தான் நம்ம எல்லை. பால் நேரம் வந்தா கங்காணி, 'பால்காரிங்க எறங்குங்க'ன்னு கத்துவாரு. எறங்கிப் போயி கதவுகிட்ட நிக்கணும். உள்ள இருக்கவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் போய்த் தூக்கலாம். புள்ள கத்துதேன்னு கூப்பிடாம உள்ள போனா, அன்னிக்கு அரைப் பேருதான், பாதி நாள் வேலைய வெட்டிப்புடுவாங்க. இது ரெண்டு புள்ளைய அப்புடி வளத்த பொம்பள. இங்க வெள்ள உடுப்புல நீங்க நிக்கிறீங்க, தொட்டி கெடக்கு, கதவு இருக்கு. அதுக்கு இதுவும் பிள்ளைக் காம்பராதாங்க."

நான் நம்பவில்லை. "நீ இதையெல்லாம் டொக்டருக்குச் சொல்லாத" என்றேன். அவள் எழுந்து வாளியைத் தூக்கினாள். "நீங்க படிச்சவங்க, நான் பெருக்குறவ. ஆனாக் கண்ணு ஆளுக்கு ரெண்டுதானுங்களே" என்றாள்.

மறுநாள் பிற்பகல் சிஸ்டர் பதுளைக்குப் போயிருந்தார். நீ அழ ஆரம்பித்தாய். நான் போத்தலைக் கலக்காமல் கதவருகே போய் நின்று, ஒரு விளையாட்டுக்குச் சொல்வதுபோல, "ராமாயி, பிள்ளைக்குப் பால் குடு" என்றேன். அவள் உடனே எழுந்தாள். மூலையிலிருந்த தண்ணீரில் கை கழுவினாள். சேலைத் தலைப்பை நனைத்து மார்பைத் துடைத்தாள். தொட்டிலில் குனிந்து, உன் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். மூன்று பிள்ளை பெற்றவளின் கை. எனக்கு அந்தப் பழக்கம் வர ஒரு மாதம் ஆயிற்று. உட்கார்ந்து உனக்குக் கொடுத்தாள். நீ என்னிடம் ஒரு நாளும் குடிக்காத மாதிரிச் சத்தம் போட்டுக் குடித்தாய். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் தெளிவாகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"ஏங்க இம்புட்டு நாளாக் கூப்பிடல?"

பேச்சியம்மா வாசலில் நின்று பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைய பக்கத்தில் நான் எழுதியது: "மாற்றமில்லை." தாளின்படி அது சரிதானே, அவள் தானாக எடுக்கவில்லையே என்று எனக்கு நானே சொன்னேன். நாளைக்கு எழுதலாம் என்றும் சொன்னேன். ஒன்பதாம் நாளும் சிஸ்டர் இல்லாத வேளை பார்த்துக் கூப்பிட்டேன், வந்தாள். அன்றும் எழுதவில்லை. மற்ற வேளைகளில் போத்தலை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்முன்னால் உன்னை மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுத்தேன். அப்போது அவள் கத்தியிருந்தால், என்னை இன்னொருமுறை கடித்திருந்தால், ஒருவேளை எனக்குப் புத்தி வந்திருக்கும். அவள் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். தோட்டம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த அடக்கம் அது. அதையே நான் அவளுக்கு எதிராகச் சாட்சி எழுதினேன்.

பத்தாம் நாள் டொக்டர் முடிவு செய்ய வந்தார். சிஸ்டர், நான், பேச்சியம்மா மூவரும் நின்றோம். அவர் என் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "பத்து நாளாச்சு. தாய் தானாகப் பிள்ளையைத் தூக்கினவளோ?"

"இல்லை, டொக்டர்."

பேச்சியம்மா ஓரடி முன்னால் வந்தாள். "ஐயா, அது வந்துங்க..."

"பேச்சி, வாளியை எடு" என்றார் சிஸ்டர். அவர் கெட்டவர் அல்ல. தாளில் ஆயா பேசலாம் என்று எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். டொக்டர் பேச்சியம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏதாவது உண்டா என்று கேட்கிற பார்வை. முதலில் எழுதிய மூன்று வாக்கியங்களுக்கும் அப்போது இடம் இருந்தது. நான் புத்தகத்தை மூடினேன். அவர் பெருமூச்சு விட்டு, அவளைக் கொழும்புக்கு அனுப்பும் கடதாசியில் கையெழுத்துப் போட்டார். தன் முயற்சி தோற்றுப்போனதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம். அந்த இரண்டு அறைகளையும் அந்த மாதக் கடைசியில் மூடினார்கள். என் புத்தகம்தான் அதற்கு ஆதாரம். எனக்குப்பின் அங்கே எத்தனை பெண்கள் பிள்ளையைப் பிரிந்து வண்டியேறினார்கள் என்று நான் கேட்டதில்லை.

கொழும்புக்குக் கூட்டிப்போக வண்டி வந்தபோது ராமாயி முரண்டு பிடிக்கவில்லை. வாசலில் நின்று திரும்பி என் வாயைப் பார்த்தாள். முகத்தை அல்ல, வாயை. பேச்சியம்மா அவளுக்குச் சேலையைச் சரிசெய்து ஏற்றிவிட்டாள். வீரமுத்து தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். பால்குடிப் பிள்ளையை வைத்துக்கொள்ள ஆளில்லை. நான்தான் முந்திக்கொண்டு, "அவ சுகமாகி வரும்வரைக்கும் நான் வச்சிருக்கிறன்" என்றேன். அந்த மனிதர் என் காலைத் தொடக் குனிந்தார். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் மிஸி. அது வந்து கேட்டாக் குடுத்துருங்க" என்றார். கேட்டால் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். அவர் போனபின் பேச்சியம்மா அறையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, "ஒங்க எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது மிஸி. ஒங்களுக்கு நல்லதாப் போச்சு" என்றாள். அடுத்த மாதம் நான் ஹல்துமுல்லைக்கு மாற்றல் வாங்கினேன்.

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது நினைவிருக்கும். விறகு கொண்டுவந்த ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டார். "அம்மா, ஒரு தோட்டக்காட்டான் வந்து நிக்கிறான்" என்று உள்ளே ஓடிவந்தாய். தோட்டத்து ஆட்களை இளக்காரமாகச் சொல்லப் பள்ளிக்கூடத்தில் பழகிய சொல். நான் உன்னை அறைந்தேன். நான் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். ஏன் என்று மூன்று நாள் கேட்டாய். சொல்லத் தெரியாமல் இல்லை, பயந்து சும்மா இருந்தேன். போகிற இடத்தில் உன்னை யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். மலைநாட்டிலிருந்து வந்த வேறொரு பையனை அந்தச் சொல்லால் கூப்பிடுவார்கள், நீயும் கூடச் சிரிப்பாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ எத்தனை தடவை சிரித்து முடித்திருப்பாய் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதற்கும் பொறுப்பு நான்தான். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் உனக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

உறைக்குள் உன் உண்மையான பிறப்புப் பத்திரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நான் கொடுத்த கடதாசியில் என் கணவரின் பெயர். அந்தப் பெயரால் நீ இந்த நாட்டுப் பிரஜை. இதிலுள்ள பெயரால் நீ எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவன். நீ பிறந்த காலத்தில்தான் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் போட்டு எடுத்தார்கள். உன் நன்மைக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்ல இது எனக்கு வாகான காரணம். பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உன்னை நான் எடுத்த அன்று அந்தச் சட்டத்தை நினைக்கவே இல்லை. பொத்தானைப் பிடித்த விரலைத்தான் நினைத்தேன். எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழிப்பது என்று நீயே முடிவு செய். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். நீயும் ஒருநாள் ஏதோ ஒரு கதவில் வேலைகளை எழுதி ஒட்டுகிற இடத்தில் இருப்பாய். தாளின் கடைசி வரியில் இருக்கிற ஆள் வாய் திறந்தால், வாளியை எடுக்கச் சொல்லாதே. எடுக்கச் சொல்கிறவர் பக்கத்தில் பேசாமல் நிற்கவும் செய்யாதே. நிற்பது இன்னும் கேவலம். எனக்குத் தெரியும்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. உனக்கு மூன்றரை வயதாகும்போது ராமாயி சுகமாகித் திரும்பி வந்தாள். பேச்சியம்மாதான் எங்கள் முகவரி சொல்லியிருக்கிறாள். ஹல்துமுல்லையில் எங்கள் குவாட்டர்ஸுக்கு எதிரே, வீதிக்கு அப்பால் ஒரு மதகு உண்டு. நீ பிற்காலத்தில் கப்பல் விட்ட அதே இடம். ஒரு காலையில் அங்கே வெளுத்த சேலை உடுத்து, தலை வாரி, கையில் ஒரு சிறு பொட்டலத்தோடு ஒரு பெண் நின்றாள். எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. நீ வராந்தாவில் தீப்பெட்டிகளை அடுக்கி ரயில் விட்டுக்கொண்டிருந்தாய். அவள் உன்னைப் பார்த்தாள். வாசல் படலை திறந்துதான் இருந்தது. அவள் வீதியைக் கடக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கொருமுறை யன்னலில் என் பக்கம் பார்த்தாள்.

"அது ஆர் அம்மா?" என்று கேட்டாய்.

"பஸ்ஸுக்கு நிக்கிறவ" என்றேன்.

எதற்கு நிற்கிறாள் என்று இந்த உலகத்தில் பேச்சியம்மாவுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவள் நான். பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டால் போதும். கை கழுவிக்கொண்டு வந்திருப்பாள். நான் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று, அவள் கேட்கட்டும், கேட்டால் கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் வந்து நின்றாள். மூன்றாம் நாள் பிற்பகல் பொட்டலத்தை மதகின்மேல் வைத்துவிட்டுப் பதுளை பஸ்ஸில் ஏறினாள். அதில் ஒரு பிள்ளைச் சட்டை இருந்தது, உனக்குச் சிறியது. மறு வருடம் அவளும் உன் தகப்பனும் உன் இரண்டு அக்காமாரும் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று பேச்சியம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.